தேர்தலில் நிற்காதது பற்றி: கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணா,

உங்கள் ஊரிலிருந்து இங்கே கலியாணம் முடித்து வந்த ஒரு அக்கா சொன்னதைக் கேட்டு எழுதுகிறேன். 2025 உள்ளூராட்சித் தேர்தலில் ஒரு சுயேச்சைக் குழு உங்களை வட்டார வேட்பாளராக நிற்கச் சொல்லிக் கேட்டதாம். நீங்கள் மறுத்துவிட்டீர்களாம். எனக்கு மனவருத்தமாகப் போய்விட்டது. வடிகான், குப்பை, யானை வேலி, பூட்டிக் கிடக்கிற வாசிகசாலை என்று வருடக்கணக்காக எழுதுகிறீர்கள். அதையெல்லாம் செய்யக்கூடிய இடத்துக்குக் கூப்பிட்டபோது ஒதுங்கிவிட்டால், வாசிக்கிற நாங்கள் என்ன நினைப்பது?

எங்கள் சபையில் பெண்களுக்கான 25 வீத ஒதுக்கீட்டில் போன என் சிநேகிதி ஒருத்தி இருக்கிறாள். அவள் எழும்பிப் பேசினால் பக்கத்தில் இருப்பவர்கள் தங்களுக்குள் கதைக்கத் தொடங்கிவிடுகிறார்கள். உங்களைப் போன்றவர்கள் உள்ளே இருந்தால் அவளுக்கு ஒரு துணை கிடைக்கும் என்று நினைப்பேன். நீங்கள் இன்னும் மாற்றம் வரும் என்று நம்புகிறீர்களா? நம்பினால் ஏன் நிற்கவில்லை?

ச.,
அம்பாறை மாவட்டம்

*

அன்புள்ள தங்கச்சி,

கேள்விப்பட்டது உண்மைதான். 2025 மார்ச் தொடக்கத்தில், வேட்புமனுக் கொடுக்க இரண்டு கிழமை இருக்கும்போது, ஒரு இரவு மூன்று பேர் வீட்டுக்கு வந்தார்கள். என் மச்சான், கோயிலை நிர்வகிக்கிற வண்ணக்கர், ஊரில் எந்த வேலைக்கும் முன்னுக்கு நிற்கிற ஒரு தம்பி. மூவருமே நல்ல மனிதர்கள். ஊருக்கு ஏதாவது நடக்கவேண்டும் என்றுதான் வந்தார்கள். கட்சி வேட்பாளருக்குக் கட்டுப்பணம் 1500 ரூபாய், சுயேச்சை என்றால் 5000. "காசைப் பத்தி யோசிக்காதீங்க, அத நாங்க பாத்துக்குவம்" என்றார் வண்ணக்கர்.

தேநீர் குடித்து முடிந்ததும் தம்பி ஒரு கொப்பியை விரித்தான். பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகிற சாதாரணக் கொப்பி. ஒழுங்கை ஒழுங்கையாக எல்லா வீடும் அதில் இருந்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் நேரே எத்தனை வாக்கு, பக்கத்தில் என்ன குடி. (மட்டக்களப்புக்கு வெளியே இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: இங்கே குடி என்பது தாய்வழியில் வருவது. கோயில் நிர்வாகத்தில் யாருக்கு என்ன உரிமை என்பதும் அதை வைத்துத்தான்.) எங்கள் குடி வீடுகளுக்குச் சிவப்புப் பேனையால் சரி போட்டிருந்தது. சம்பந்தம் செய்துகொண்ட வீடுகளுக்கு நீலம். சில வீடுகளுக்கு நேரே 'கேட்டுப் பாக்கலாம்' என்று எழுதி, அதற்குக் கீழே இரண்டு சொல்லில் விலையும் இருந்தது: 'மகளுக்கு வேலை', 'வாசலுக்குக் கிரவல்', 'வேலிச் சண்டை'.

ஒரு வீட்டுக்கு நேரே எதுவும் இல்லை, வெறும் கோடு. மலையகத்திலிருந்து வந்து எங்கள் ஊரில் குடியேறிய குடும்பம் அது. எந்தக் குடிக்கணக்கிலும் சேராதவர்கள். "அங்க மூணு வோட்டுத்தான், எங்க போகுமெண்டு தெரியா. விட்டுட்டன்" என்றான் தம்பி. மாரியில் எங்கள் ஒழுங்கைத் தண்ணீர் முழுக்கப் போய்த் தேங்குவது அந்த வீட்டு முற்றத்தில்தான்.

நான் அன்றிரவு மாட்டேன் என்று சொல்லவில்லை. மூன்று நாள் தவணை கேட்டேன். அந்த மூன்று நாளும் என்னைக் குடைந்தது கொப்பியைவிட வேறொரு விஷயம். 2023 மார்ச் 9 இல் நடந்திருக்கவேண்டிய தேர்தலைப் பணமில்லை என்று சொல்லி நடத்தவில்லை. அந்த மாதம் 19 ஆம் திகதியோடு சபைகளின் காலமும் முடிந்தது. அதன்பிறகு 2025 ஜூன் 2 இல் புதிய சபைகள் தொடங்கும்வரை, இரண்டு வருடத்துக்கும் மேலாக, உறுப்பினர் இல்லாமல் செயலாளர்களும் ஆணையாளர்களுமே நடத்தினார்கள். தேர்தலை நடத்தாமல் விட்டது அடிப்படை உரிமை மீறல் என்று 2024 ஓகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கொழும்பில் வழக்குப் பேசினார்கள். எங்கள் ஊரில் ஒருவர்கூட அதைப் பற்றிப் பேசவில்லை. குப்பை உழவு இயந்திரம் முன்புபோலவே நினைத்த நாளில் வந்தது, நினைத்த நாளில் வராமல் விட்டது. சபை இல்லாமல் போனதை ஊர் தேடவேயில்லை.

எனக்கு இது சின்ன விஷயமாகப் படவில்லை. மட்டக்களப்பில் 1994 க்குப் பிறகு 2008 மார்ச்சில்தான் மறுபடி உள்ளூராட்சித் தேர்தல் நடந்தது. 1994 இல் எனக்கு 16 வயது, வாக்கு இல்லை. 2008 இல் முதன்முதலாக இதற்கு வாக்குப்போடப் போனபோது எனக்கு முப்பது வயது, துப்பாக்கிகள் ஊருக்குள் நடமாடிய காலம். அம்மா போகவேண்டாம் என்று படலையை மறித்துக்கொண்டு நின்றார். அப்படிப் போட்ட வாக்கு. உங்கள் பக்கத்தில் கல்முனை மாநகர சபைக்கு 2025 இலும் தேர்தல் நடக்கவில்லை, வழக்கில் நின்றுபோனது. இவ்வளவு பாடுபட்டுக் கிடைக்கிற ஒன்றை, இல்லாமல் போனால் தேடாத ஊருக்கு, நான் உறுப்பினராகப் போய் என்ன செய்வது? அந்தக் கொப்பியால் வென்றால் கொப்பிக்குத்தான் நான் பதில் சொல்லவேண்டும். சிவப்புச் சரி போட்ட வீடுகள் முதல் மாதமே வாசலுக்கு வரும். வராவிட்டால்தான் ஆச்சரியம், அந்தக் கணக்கில்தானே வாக்குத் தந்தார்கள்.

நாலாம் நாள் மச்சான் வீட்டுக்குப் போய் முகம் பார்த்துச் சொன்னேன். அவர் ஒரு மாதம் என்னோடு கதைக்கவில்லை.

எனக்குப் பதிலாக அந்தத் தம்பியே நின்றான். வட்டாரத்தில் தோற்று, குழுவுக்கு விழுந்த மொத்த வாக்கைப் பார்த்து ஆசனம் கொடுக்கிற மேலதிகப் பட்டியலில் சபைக்குப் போனான். எந்தத் தரப்புக்கும் பாதிக்கு மேல் ஆசனம் இல்லை. அப்படியான சபையில் தவிசாளர் யார் என்பதை முதல் அமர்வில் உறுப்பினர்கள் வாக்கெடுத்துத்தான் தீர்மானிக்கவேண்டும். அதற்கு முதல் நாள் இரவு அவனுக்கு வந்த அழைப்புகளை என் வீட்டுத் திண்ணையில் இருந்துதான் எடுத்தான். பதினொரு மணிக்கு மேல் போனை நிறுத்திவிட்டு, "அண்ணன், இன்னும் சபைக்குள்ள காலே வைக்கல்ல" என்றான். எனக்கு அவனை நினைக்கப் பாவமாக இருந்தது. நான் விட்ட இடத்தின் சுமையைத்தான் அவன் தூக்குகிறான் என்பதும் தெரிந்தது. உங்கள் கடிதத்தில் என்னைத் தைத்த பகுதி அதுதான். நான் நிற்காதபடியால் இன்னொருவன் தனியாக நிற்கவேண்டி வந்தது. அதில் நீங்கள் சொல்வது சரி, அதற்கு என்னிடம் சமாதானம் இல்லை. அவனைத் தனியே விடாமல் இருப்பதுதான் என்னால் முடிந்தது.

அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். நீங்கள் சொன்னவற்றில் யானை வேலி வனசீவராசிகள் திணைக்களத்தின் பொறுப்பு, மற்றதெல்லாம் சபையின் வேலை. எங்கள் ஒழுங்கைக்கு ஒரு வடிகான் கட்டினார்கள். கட்டி முடிந்தது என்று சொன்ன பிறகும் அந்த மலையகக் குடும்பத்தின் முற்றத்தில் தண்ணீர் நின்றது. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், அந்த வேலையின் மதிப்பீட்டைக் கேட்டு எழுதினோம். பதினான்கு வேலைநாளுக்குள் தகவல் தருவதா இல்லையா என்று சொல்லியாகவேண்டும். தந்தார்கள். நீளம் 120 மீற்றர் என்று இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாடா கொண்டுபோய் அளந்தோம். ஒரு நுனியை நான் பிடித்தேன், மறுநுனியை அந்த வீட்டு அம்மா பிடித்தார். பார்க்க வந்தவர்கள் முதலில் மதிலுக்கு அங்காலே நின்றார்கள். பிறகு ஒருவர் வந்து கல் வைத்து அடையாளம் போட்டார், இன்னொருவர் எண்ணிக்கையைச் சத்தமாகச் சொன்னார். 93 இல் கொங்கிறீட் முடிந்தது. மிச்சம் 27 மீற்றரும் சரியாக அந்த அம்மாவின் படலைவரைக்கும் இருந்தது. அவர் நாடாவை விடவில்லை. ஈரக்கையைச் சேலையில் துடைத்துவிட்டு, "இன்னொருக்கா அளங்க தம்பி" என்றார். இன்னொருமுறை அளந்தோம்.

அந்தக் கணக்கைத் தம்பி அடுத்த அமர்வில் எழுத்தில் வைத்தான். அமர்வைப் பொதுமக்கள் போய் இருந்து பார்க்கலாம் என்பது எங்கள் ஊரில் பலருக்குத் தெரியாது, அன்றைக்குத்தான் முதன்முதலாகப் போனார்கள். நான், அந்த அம்மா, கல் வைத்தவர், இன்னும் இரண்டு பேர். மிச்சத்தைச் சென்ற மாரிக்கு முன்னமே கட்டிவிட்டார்கள். மூடிகள் இரண்டு இன்னும் போடவில்லை, கேட்டுக்கொண்டிருக்கிறோம். இப்போது மாதாந்த அமர்வுக்கு ஒன்பது பேர் போகிறோம். சபை மறுபடி இல்லாமல் போனால் ஒன்பது பேர் தேடுவார்கள். நம்புகிறீர்களா என்று கேட்டீர்கள். இந்த ஒன்பது பேரோடு மாதாமாதம் போய் இருந்துவிட்டு வருகிறேன், நம்பாமல் அது முடியாது.

இனி நான் நிற்கவே மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அந்தக் கொப்பி இல்லாமல் யாராவது கேட்டு வந்தால், அப்போது யோசிப்பேன்.

உங்கள் சிநேகிதியின் விஷயத்துக்கு வருகிறேன். 25 வீதம் சட்டமாகி 2018 இல் தேர்தல் நடக்கும்வரை, இந்த நாட்டின் உள்ளூராட்சி மன்றங்களில் நூற்றுக்கு இரண்டு பேர் அளவில்தான் பெண்கள் இருந்தார்கள். அந்த ஆசனம் அவருக்கு யாரும் தானமாகக் கொடுத்தது இல்லை. அவர் பேசும்போது மற்றவர்கள் கதைப்பது, கேட்கவேண்டியவர்கள் அங்கே இல்லை என்பதால்தான். நீங்கள் அவருடைய பேச்சைக் கேட்க ஒருமுறையாவது போயிருக்கிறீர்களா? குறைசொல்லக் கேட்கவில்லை. போகலாம் என்று தெரியாமலே இருந்திருக்கலாம், எங்கள் ஊரிலும் அப்படித்தான் இருந்தது. நாலைந்து பெண்களைக் கூட்டிக்கொண்டு போங்கள். அவர் எழும்பியதும் எல்லோரும் கொப்பியை விரித்து எழுதத் தொடங்குங்கள்.

அடுத்த அமர்வு எந்தத் திகதி என்று எழுதுங்கள். எங்கள் அம்மாவும் வரவேண்டும் என்கிறார், அதுதான் அந்த நாடா பிடித்தவர். முதல் பஸ்ஸில் வந்து கல்முனையில் மாறினால் நேரத்துக்கு வந்து சேர்ந்துவிடலாம்.

அன்புடன்,
அண்ணன்