நானோடிராப்பில் 110, ஜெல்லில் ஒன்றுமில்லை: பழைய மெழுகு பிளாக்கிலிருந்து டிஎன்ஏ எடுப்பது

கேள்வி: நான் பத்தாலஜி முதுநிலை மாணவி. எங்கள் துறையில் உள்ள 12 முதல் 18 ஆண்டு பழைய நுரையீரல் புற்றுநோய் பிளாக்குகளில் (ஃபார்மலினில் பதப்படுத்தி மெழுகில் பதித்த திசுத் துண்டுகள்) இஜிஎஃப்ஆர் மரபணு மாற்றங்களைத் தேடுகிறேன். டிஎன்ஏ எடுத்து, ஒளி உறிஞ்சலால் அளவைக் காட்டும் நானோடிராப் கருவியில் வைத்தால் மைக்ரோலிட்டருக்கு 110 நானோகிராம் காட்டுகிறது. புரதக் கலப்பைக் காட்டும் 260/280 விகிதமும் 1.8. ஆனால் 420 பேஸ் ஜோடி (டிஎன்ஏ எழுத்து) நீளத் துண்டைப் பெருக்கும் பிசிஆர் ஒரு மாதிரியிலும் வரவில்லை. ரத்த டிஎன்ஏ கன்ட்ரோல் பளிச்சென்று வருகிறது. எங்கே தவறுகிறேன்? துறை மியூசியத்து ஜாடிகளிலிருந்து ஏதாவது தேறுமா?

பதில்: கிட்டிலும் தவறில்லை, உங்கள் கையிலும் தவறில்லை. தவறு 420 என்ற எண்ணில் இருக்கிறது. ரத்த கன்ட்ரோல் அந்தத் தவறை மறைத்துவிட்டது, அவ்வளவுதான். ரத்த டிஎன்ஏ ஆயிரக்கணக்கான எழுத்து நீளத்துக்கு முழுசாக இருக்கும். பழைய பிளாக்கில் இருப்பது பொடி.

ஃபார்மலின் இரண்டு வேலை செய்கிறது. டிஎன்ஏவையும் புரதத்தையும் பாலம் போட்டுக் கட்டிவிடுகிறது. இதைச் சூட்டால் பெருமளவு அவிழ்க்கலாம். பஃபர் இல்லாத ஃபார்மலின் நாள்பட ஆக்சிஜனேற்றம் அடைந்து ஃபார்மிக் அமிலமாகிறது. அந்த அமிலம் டிஎன்ஏவின் பியூரின் எழுத்துகளைக் கழற்றி இழையை அறுத்துவிடும். அறுந்ததை ஒட்ட முடியாது. சராசரியாக 80 எழுத்துக்கு ஒரு அறுப்பு என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். 100 எழுத்து நீள இலக்கு முழுசாகத் தப்பும் வாய்ப்பு சுமார் 28 சதவீதம். 420 எழுத்துக்கு அது அரை சதவீதம்தான். அதே குழாய், அதே டிஎன்ஏ. ஒன்றில் ஜெல்லில் பட்டை விழும், மற்றொன்றில் விழாது.

அப்படியானால் அந்த 110 என்ன? நானோடிராப் 260 நானோமீட்டர் ஒளியை எது உறிஞ்சினாலும் எண்ணிவிடும்: ஆர்என்ஏ, ஒற்றை இழை, உதிர்ந்த நியூக்ளியோடைடு எல்லாமே அதற்கு ஒன்றுதான். 1.8 விகிதம் புரதம் அதிகம் கலக்கவில்லை என்று சொல்லுமே தவிர, டிஎன்ஏ நீளமாக இருக்கிறது என்று சொல்லாது. அதே மாதிரியை, இரட்டை இழையில் ஒட்டும் சாயத்தால் அளக்கும் க்யூபிட் கருவியில் அளந்தால் எண் பல மடங்கு இறங்கும். ஆனால் க்யூபிட்டும் கடைசி வார்த்தை அல்ல. பாலங்களை அவிழ்க்க 90 டிகிரியில் வைத்த டிஎன்ஏவில் நிறைய ஒற்றை இழையாகப் பிரிந்திருக்கும். இரட்டை இழைக்கான சாயம் அதைப் பார்க்காது. சிறிய பிசிஆர் ஒன்று ஓட்டிப் பார்ப்பதுதான் நம்பகமான அளவை.

பிளாக்கை வெட்டுவதற்கு முன் பழைய எச் அண்ட் இ (ஹெமாடாக்சிலின், இயோசின் சாயமிட்ட) ஸ்லைடை எடுத்து நிதானமாகப் பாருங்கள். ரத்தம் தேங்கிய இடங்களில் கரும்பழுப்பு நிறத்தில் பொடிப்பொடியாக ஒரு படிவு தெரிகிறதா? போலரைஸ்டு ஒளியில் மின்னுகிறதா? அது ஃபார்மலின் நிறமி. அமிலமாகிப்போன ஃபார்மலின் ஹீமுடன் சேர்ந்து உண்டாக்குவது. அது நிறைய இருந்தால் அந்தத் திசு அமிலத்தில் ஊறியது என்று அர்த்தம். டிஎன்ஏ பெரும்பாலும் மோசமாகவே இருக்கும். நியூக்ளியஸ்கள் ஹெமாடாக்சிலினை ஏற்காமல் வெளிறியிருந்தால், குறிப்பாக எலும்பு மெட்டாஸ்டாசிஸ் (எலும்புக்குப் பரவிய கட்டி) மாதிரிகளில், வன்மையான அமிலத்தில் டீகால்சிஃபை செய்திருப்பார்கள், அதாவது கால்சியத்தை நீக்கியிருப்பார்கள். அந்த பிளாக்கை ஒதுக்கிவிடலாம். அமிலத்துக்குப் பதில் இடிடிஏ கொண்டு செய்திருந்தால் பயமில்லை. திசுவே மஞ்சளாக இருந்தால் அது 'பூவின்' (Bouin) எனப்படும் பதப்படுத்தும் திரவம். அதிலுள்ள பிக்ரிக் அமிலமும் டிஎன்ஏவுக்கு எமன். 12 ஆண்டா 18 ஆண்டா என்பதைவிட, முதல் இரண்டு நாளில் திசு எதில், எத்தனை மணி நேரம் கிடந்தது என்பதே பெரிய வித்தியாசம். சனிக்கிழமை வந்து திங்கள்கிழமை கிராஸிங் (வெட்டிப் பார்த்துப் பிரித்தல்) ஆன பயாப்சிக்கும் அன்றே பிராசஸ் ஆனதற்கும் இன்றும் வேறுபாடு தெரியும்.

மைக்ரோடோமில் மெல்லிய சீவல்களாக வெட்டும்போது காற்றுபட்ட முதல் இரண்டு மூன்று செக்‌ஷனைத் தூக்கிப் போடுங்கள். ஒவ்வொரு நோயாளிக்கும் புது பிளேடு. இடையில் பிளேடு ஹோல்டரையும் ஃபோர்செப்ஸையும் சைலீன், பிறகு ஆல்கஹால் கொண்டு துடைக்க வேண்டும். ஐந்தாறு பிளாக்குக்கு ஒருமுறை திசுவே இல்லாத வெற்று மெழுகு பிளாக்கை வெட்டி அதையும் மற்றவற்றோடு கடைசிவரை கொண்டுபோங்கள். அதில் பட்டை வந்தால் அன்றைய வேலை முழுக்க சந்தேகத்துக்குரியது. 10 மைக்ரான் தடிமனில் 5 முதல் 8 செக்‌ஷன் போதும். பிராங்கோஸ்கோப்பி பயாப்சி போன்ற துணுக்குகளுக்கு 10 வரை போகலாம். கட்டி ஒரு மூலையில் மட்டும் இருந்தால் குழாயில் போடாமல் ஸ்லைடில் ஏற்றி, எச் அண்ட் இ ஸ்லைடில் பேனாவால் வட்டமிட்ட இடத்தை மட்டும் சுரண்டி எடுங்கள். டிஎன்ஏ எழுத்து வரிசையைப் படிக்கும் சாங்கர் சீக்வென்சிங் 15 முதல் 20 சதவீதத்துக்குக் கீழே உள்ள மாற்றத்தைப் பார்க்காது. வழக்கமாக ஒரு செல்லின் இரு ஜீன் நகலில் ஒன்றுதான் மாறியிருக்கும். கட்டி செல்கள் 40 சதவீதமாவது இருக்க வேண்டும் என்பது அதனால்தான்.

மெழுகு நீக்கம்: சைலீன் 1 மில்லி, 10 விநாடி வோர்டெக்ஸ், முழு வேகத்தில் 2 நிமிடம் சுற்றல். மேலே உள்ளதை உறிஞ்சும்போதுதான் பலர் திசுவை இழக்கிறார்கள். நுரையீரல் துணுக்கு அடியில் கெட்டியாக உட்காராது, பஞ்சு போல மிதக்கும். பிப்பெட் முனையைச் சுவரோடு ஒட்டி மெதுவாக இறக்கி, 50 மைக்ரோலிட்டர் மிச்சம் விட்டு நிறுத்துங்கள். வெள்ளையாக மெழுகு தெரிந்தால் சைலீன் இன்னொரு முறை. பிறகு முழு எத்தனால் 1 மில்லி. சுற்றி, உறிஞ்சி, மூடியைத் திறந்து 37 டிகிரியில் 10 நிமிடம். ஆல்கஹால் வாடை போகாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். மிஞ்சிய எத்தனால் என்சைமைக் கெடுக்கும்.

செரிமானத்துக்கு 180 மைக்ரோலிட்டர் லைசிஸ் பஃபர், 20 மைக்ரோலிட்டர் புரோட்டினேஸ் கே (புரதத்தைச் செரிக்கும் என்சைம்). கிட் கையேடு 56 டிகிரியில் ஒரு மணி நேரம் என்று சொல்லும். இவ்வளவு பழைய பிளாக்குக்கு அது போதாது. இரவு முழுக்க வையுங்கள். காலையில் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். துகள் தெரிந்தால் இன்னொரு 20 மைக்ரோலிட்டர் என்சைம், மேலும் சில மணி நேரம். தெளிந்த பிறகே 90 டிகிரியில் ஒரு மணி நேரம். ஃபார்மலின் பாலங்கள் அவிழ்வது இந்தச் சூட்டில்தான். ஒரே ஹீட்டிங் பிளாக் வைத்திருப்பவர்கள் குழாயை அதிலேயே விட்டு வெப்பத்தை ஏற்றக் கூடாது. வெளியே எடுத்து வைத்து, 90 வந்ததும் போடவும். அவசரத்தில் இந்தப் படியைத் தாண்டினால் அளவு வரும், பிசிஆர் வராது. இரண்டு மூன்று மணி நேரம் நீட்டினால் இழை இன்னும் அறுபடும்.

ஆறிய பிறகு ஆர்என்ஏவைச் சிதைக்கும் ஆர்என்ஏஸ் என்சைம். உங்கள் 110 இறங்கத் தொடங்கும் முதல் இடம் இதுவாக இருக்கலாம். அடுத்து பைண்டிங் பஃபரும் எத்தனாலும் சேர்த்து சிலிக்கா சவ்வு, இரண்டு கழுவல், உலரச் சுற்றல். கடைசியில் 30 மைக்ரோலிட்டர் எல்யூஷன் பஃபரைச் சவ்வின் நடுவில் விட்டு 5 நிமிடம் காத்திருந்து சுற்றுங்கள். கிட் வாங்கும்போது சிறு துண்டுகளையும் பிடிக்கும் சவ்வா என்று கேளுங்கள். ரத்தத்துக்கான சாதாரணக் கிட் 100 எழுத்துத் துண்டுகளைக் கழுவிக் கீழே விட்டுவிடக்கூடும்.

தரம் பார்க்க பீட்டா குளோபின் ஜீனுக்கு 110, 268 பேஸ் ஜோடி என இரண்டு பிசிஆர் போதும். இரண்டும் வந்தால் நல்ல பிளாக். 110 மட்டும் வந்தால், இஜிஎஃப்ஆருக்கான எல்லா பிரைமர்களையும் (பெருக்கும் துண்டின் எல்லையைக் குறிக்கும் சிறு இழைகள்) துண்டு நீளம் 100 முதல் 130க்குள் வரும்படி புதிதாக வடிவமையுங்கள். 110ம் வராவிட்டால் அதே டிஎன்ஏவைப் பத்து மடங்கு நீர்த்து ஒருமுறை ஓட்டுங்கள். நீர்த்ததும் வந்தால் தடுப்பது ஹீம் போன்ற கழிவுப் பொருள். பிஎஸ்ஏ (மாட்டு ரத்தப் புரதம்) சேர்த்தால் மட்டுப்படும். அப்போதும் வராவிட்டால் புது செக்‌ஷன் வெட்டி முதலிலிருந்து ஒருமுறை. மூன்றாம் முறை முயல்வது வீண். கன்ட்ரோலாக ரத்தத்துக்குப் பதில், ஏற்கெனவே மாற்றம் உறுதியான இன்னொரு மெழுகு பிளாக்கை வையுங்கள்.

பட்டை வந்துவிட்டது என்று நிம்மதி அடையும் இடத்தில்தான் அடுத்த பள்ளம். பழைய திசுவில் சைட்டோசின் அமினோ தொகுதியை இழந்து யுராசில் ஆகிறது. பாலிமரேஸ் அதைத் தைமின் என்று படித்துவிடும். நல்ல டிஎன்ஏவில் இது கூட்டத்தில் கரைந்துபோகும். உங்கள் மாதிரியில் கரையாது. ஒரு ஜீனோம் நகல் 3.3 பிகோகிராம், 10 நானோகிராம் போட்டால் 3,000 நகல். அதில் நூற்றுக்கு ஒன்றுதான் பெருக்கத்தக்கது என்றால் மிஞ்சுவது 30. அந்த முப்பதில் ஒன்று கெட்டிருந்தாலே 3 சதவீத 'மாற்றம்'. முதல் சில சுற்றில் அது முந்திக்கொண்டால் சாங்கரிலேயே தெளிவான உச்சியாகத் தெரியும்.

இஜிஎஃப்ஆரில் எதை எவ்வளவு நம்பலாம் என்பது இதிலிருந்தே வருகிறது. எக்சான் 19 என்ற ஜீன் பகுதியின் இழப்பில் வழக்கமாக 15 எழுத்துகள் காணாமல் போகும். அமினோ இழப்பு அதை உண்டாக்காது, நம்பலாம். எல்858ஆர் என்ற மாற்றம் தைமின் குவானினாக மாறுவது, அதுவும் இந்தச் சேதத்தின் சாயல் அல்ல. மருந்துக்கு எதிர்ப்பைத் தரும் டி790எம் மாற்றமோ சைட்டோசின் தைமினாக மாறுவதுதான். சிகிச்சைக்கு முந்தைய பிளாக்குகளில் அது வரிசையாக வந்தால் கண்டுபிடிப்பு என்று எழுதிவிடாதீர்கள். பிசிஆருக்கு முன் யுராசிலை வெட்டியெடுக்கும் யுடிஜி என்சைம் 1 அலகு, 37 டிகிரியில் 30 நிமிடம், பிறகு 95 டிகிரியில் 10 நிமிடம் வைத்தால் யுராசில் உள்ள இழைகள் கழிந்துவிடும். ஒரு சிக்கல் மட்டும் மீதி: டி790எம் இடத்தில் சைட்டோசினுக்கு அடுத்து குவானின் நிற்கிறது. அங்கே மெத்தில் ஏறிய சைட்டோசின் கெட்டால் யுராசில் ஆகாது, நேரடியாகத் தைமின் ஆகிவிடும். யுடிஜி அதைத் தொடாது. ஆகவே தனித்தனி செக்‌ஷனிலிருந்து இரண்டு முறை தனியாக எடுத்து, இரண்டிலும் வந்தால் மட்டுமே எண்ணுங்கள். ஒரே டிஎன்ஏ குழாயிலிருந்து இரண்டு முறை ஓட்டுவதைவிட இது வலுவான சான்று.

ஜாடிகளுக்கு வருவோம். முதலில் தேதி பாருங்கள். ஃபார்மலினைத் திசுவுக்குப் பயன்படுத்தலாம் என்று ஃபெர்டினாண்ட் ப்ளும் காட்டியது 1893இல். அதற்கு முந்தைய மாதிரிகள் தொடக்கத்தில் பெரும்பாலும் சாராயத்தில் இருந்தவை. சாராயம் பாலம் போடாது. ஃபிலடெல்பியாவின் முட்டர் மியூசியத்தில் சாராயத்தில் இருந்த, 1849 காலரா நோயாளியின் குடல் துண்டிலிருந்து காலரா கிருமியின் ஜீனோமையே படித்து 2014இல் வெளியிட்டார்கள். ஃபார்மலின் ஜாடியும் கைவிட வேண்டியதல்ல: பெர்லின் சாரிட்டேயில் இருந்த 1912 நுரையீரலிலிருந்து தட்டம்மை வைரஸின் ஆர்என்ஏ ஜீனோம் 2020இல் கிடைத்தது. ஆனால் இரண்டுமே சிறு துண்டுகளை லட்சக்கணக்கில் படிக்கும் சீக்வென்சிங். சாங்கரால் ஆகிற காரியமில்லை.

உங்கள் மியூசியத்து ஜாடிகள் பெரும்பாலும் கைசர்லிங் முறையில் ஃபார்மலினில் பதப்பட்டு, பிறகு கிளிசரின் கலவைக்கு மாற்றப்பட்டிருக்கும். வாடை இல்லை என்பதை வைத்து ஃபார்மலின் படவில்லை என்று நினைக்க வேண்டாம். எடுப்பதானால் மேற்பரப்பை விட்டு 25 மில்லிகிராம் உள்ளே இருந்து வெட்டி, பொடியாக நறுக்கி, 100 மில்லிமோலார் கிளைசின் கலந்த பஃபரில் ஒரு நாள் முழுக்க, மூன்று நான்கு முறை மாற்றி ஊறவிட்டு, அதன் பிறகு மேலே சொன்ன செரிமானத்துக்குப் போங்கள். ஆய்வேட்டுக்கு என் யோசனை: ஜாடியைத் தொடாதீர்கள், பிளாக்கோடு நிறுத்துங்கள்.

வெட்டிய முகத்தில் உருகிய மெழுகைப் பூசி பிளாக்கைத் திருப்பி வையுங்கள். நோயாளிக்கோ குடும்பத்துக்கோ நாளை மறுபரிசோதனை தேவைப்பட்டால் திசு மிஞ்சியிருக்க வேண்டும். சிறு பயாப்சியைக் காலி செய்ய யாருக்கும் உரிமையில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐசிஎம்ஆர்) 2017 வழிகாட்டுதலின்படி, சேமிப்பில் உள்ள மாதிரிக்கு ஒப்புதல் விலக்கு தருவதா என்பதை நெறிமுறைக் குழுதான் முடிவு செய்யும். அந்தக் கடிதம் கைக்கு வந்த பிறகே மைக்ரோடோமைத் தொடுங்கள்.