ஆதார், ரேகை, கேமரா: வடசென்னைக்காரர் கேள்விகளும் பதில்களும்

பணம் ஏற்கெனவே போயிடுச்சுன்னா இங்கே கேட்டுட்டு உட்காராதீங்க. முதல்ல சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அடிங்க, அடுத்து பேங்குக்கு. மத்தவங்க கேளுங்க.

கொருக்குப்பேட்டை: அண்ணே, ஜெராக்ஸ் கடையில ஆதாரை வாட்ஸ்அப்ல அனுப்பச் சொல்றாங்க. பிரிண்ட் எடுத்ததும் எல்லாருக்கும் டெலீட் போட்டா போதும்ல?

போதாது. கடை கம்ப்யூட்டர்ல ஓடுறது வாட்ஸ்அப் வெப். நீங்க அனுப்பின பி.டி.எஃப்-ஐ அவர் இறக்கினதுமே அது டவுன்லோட்ஸ் ஃபோல்டர்ல போய் உட்கார்ந்துடும். சாட்டுல நீங்க அழிக்கலாம், ஃபோல்டர்ல இருக்கிறதை அது தொடாது. அடுத்த தடவை கவுன்ட்டர்ல நிக்கும்போது அந்தத் திரையை ஒரு பார்வை பாருங்க: யார் யாரோட பான் கார்டு, மார்க் ஷீட், வாடகை ஒப்பந்தம்லாம் தேதி வாரியா நிக்கும். கடைக்காரர் தங்கமானவரா இருக்கலாம். அந்த ஹார்டு டிஸ்க் நாளைக்கு யார் கைக்குப் போகும்னு அவருக்கே தெரியாது.

மை ஆதார் தளத்துல இறக்கும்போதே மாஸ்க்டு ஆதார்னு இருக்கிற கட்டத்தை டிக் பண்ணுங்க. 12 இலக்கத்துல கடைசி 4 மட்டும்தான் தெரியும். பி.டி.எஃப்-க்கு பாஸ்வேர்டு இருக்கேன்னு நிம்மதியா இருக்காதீங்க. பேரோட முதல் 4 ஆங்கில எழுத்து, பின்னாடி பிறந்த வருஷம். ஊருக்கே தெரிஞ்ச சூத்திரம் அது. பிரிண்ட் வந்ததும் ஷிஃப்ட்டையும் டெலீட்டையும் சேர்த்து அழுத்தச் சொல்லுங்க, வெறும் டெலீட்னா ரீசைக்கிள் பின்ல கிடக்கும். நகல் மேல எதுக்காக, யாருக்கு, என்ன தேதின்னு பேனாவால குறுக்கே எழுதுங்க. ஓரத்துல எழுதினா, மறு ஜெராக்ஸ் எடுக்கிறவன் ஒரு பேப்பரை வச்சு மறைச்சிடுவான்.

தண்டையார்பேட்டை: என் பேர்ல வேற யாராவது சிம் வாங்கியிருக்காங்களான்னு பார்க்க முடியுமா சார்?

முடியும். மத்திய தொலைத்தொடர்புத் துறையோட சஞ்சார் சாத்தி தளத்துல உங்க நம்பர், ஓ.டி.பி. போட்டா உங்க பேர்ல ஓடுற எல்லா நம்பரும் வரும். தெரியாத நம்பருக்கு நேரே ‘என் நம்பர் இல்லை’ன்னு அமுக்குங்க.

எம்.சி. ரோடு: துணிக்கடையில பில் போட போன் நம்பர் கேட்கிறாங்க. கொடுத்தே ஆகணுமா?

இல்லை. வாடிக்கையாளரைக் கட்டாயப்படுத்தக் கூடாதுன்னு 2023 மே மாசமே மத்திய நுகர்வோர் துறை கடைகளுக்குச் சொல்லிடுச்சு. ‘நம்பர் இல்லாம பில் போடுங்க’ன்னா போட்டுடுவாங்க.

திருவொற்றியூர்: ஓ.டி.பி. யாருக்கும் சொன்னதில்லை, கார்டும் கைவிட்டுப் போகலை. ஆனா அக்கவுன்ட்ல பணம் எடுத்ததா மெசேஜ். எப்படி?

இதுதான் இன்னைக்கு வந்ததுலயே முக்கியமான கேள்வி. ஏ.இ.பி.எஸ்.னு ஆதாரை வச்சுப் பணம் எடுக்கிற ஒரு வசதி இருக்கு. மைக்ரோ ஏ.டி.எம்.னு சின்ன ரேகை மெஷின் வச்சிருக்கிற ஏஜென்ட்டுகிட்ட பேங்க் பேர், ஆதார் நம்பர், விரல் ரேகை மூணும் இருந்தா பணம் வந்துடும். கார்டு, பின், ஓ.டி.பி. எதுவும் வேண்டாம். கிராமத்துப் பெரியவங்களுக்குப் பெரிய உதவி, திருடனுக்கும்தான். பத்திரப் பதிவு ஆவணத்துல இருந்த ரேகையை எடுத்து, ரப்பர் மாதிரி வார்த்து மெஷின்ல வச்ச கும்பலை ஐதராபாத் பக்கம் போலீஸ் பிடிச்சிருக்கு. பாஸ்வேர்டு கசிஞ்சா மாத்திக்கலாம். கட்டைவிரலை எங்கே போய் மாத்துவீங்க?

நீங்க 1930-க்கு அடிச்ச கையோட பேங்க்ல எழுத்துல புகார் கொடுத்து ரசீது வாங்குங்க. உங்க பக்கமும் பேங்க் பக்கமும் தப்பில்லாம நடந்த மோசடியை, தகவல் வந்து 3 வேலை நாளுக்குள்ள சொல்லிட்டா உங்களுக்கு நஷ்டம் கிடையாதுங்கிறது ரிசர்வ் வங்கியோட 2017 விதி. அப்புறம் ஆதார் ஆப்ல பயோமெட்ரிக் லாக் போடுங்க. ரேகை, கருவிழி, முகம் மூணும் பூட்டிக்கும். ஓ.டி.பி. வழி வேலைகள் வழக்கம்போல நடக்கும்.

ராயபுரம்: அண்ணே, தப்பான யோசனை. எங்க பாட்டிக்கு லாக் போட்டுட்டு ரேஷன் கடைக்கு அனுப்பினேன். ரேகை எடுக்கலைன்னு அரிசி இல்லாம திரும்பி வந்துச்சு.

மெஷின்ல வந்த எண் என்ன? 300-னா ரேகை பொருந்தலை, கை தேய்ஞ்சிருக்கும், துடைச்சிட்டு வேற விரல் வைக்கணும். 330-னா லாக் போட்டிருக்கு. இரண்டாவதுன்னா ஆப்ல தற்காலிகமா திறந்தா 10 நிமிஷம் திறந்திருக்கும், அப்புறம் தானா பூட்டிக்கும்.

ராயபுரம்: கியூ இரண்டு மணி நேரம் நிக்குது. 10 நிமிஷமாம்! பாட்டிகிட்ட இருக்கிறது பட்டன் போன்.

காசிமேடு: ராயபுரம் சொல்றது கரெக்ட். எங்க ஏரியாவுல பாதிப் பேருக்கு ஆதார்ல எந்த போன் நம்பர் இருக்குன்னே தெரியாது.

பெரம்பூர்: எதுக்கு இவ்வளவு பயம்? தப்பு பண்ணாதவனுக்கு மறைக்க என்ன இருக்கு?

பெரம்பூர்க்காரரே, திருவொற்றியூர்க்காரர் என்ன தப்பு பண்ணாரு? 2017 ஆகஸ்ட் 24-ல உச்ச நீதிமன்றத்தோட 9 நீதிபதிகளும் அந்தரங்கம் அடிப்படை உரிமைன்னு ஒருமனதா சொன்னாங்க. தப்பு பண்றவங்களுக்காக இல்லை.

ராயபுரம் கேட்டது நியாயம். கியூவுல நிக்கும்போது திறக்காதீங்க, மெஷின் முன்னாடி ஆள் வந்ததும் திறங்க. பாட்டியோட ஆதார்ல உங்க நம்பர் இருந்தா நீங்க அம்பத்தூர்ல வேலையில இருந்தே திறக்கலாம். அதைவிடச் சுலபம்: ரேஷன் ஸ்மார்ட் கார்டுல பேர் இருக்கிற வேற ஒருத்தர் போய் விரல் வைக்கலாம். பாட்டியோட லாக் அப்படியே இருக்கட்டும். போறவரோட ரேகை திறந்தே இருக்கும்ல, அதனால அவர் கணக்குல ஏ.இ.பி.எஸ். வழியா பணம் எடுக்கிறதை நிறுத்தச் சொல்லி பேங்க் கிளையில எழுதிக் கொடுங்க.

எண்ணூர்: லாக் போட்டா மகளிர் உரிமைத் தொகை 1000 வராதாமே?

வரும். லாக் தடுக்கிறது விரல் வச்சு எடுக்கிறதை, வரவை இல்லை.

புளியந்தோப்பு: ஆதாரை லாக் பண்ணா பேங்க் கணக்கு முடங்குமா?

வியாசர்பாடி: லாக் பண்ணா முதியோர் பென்ஷன் நிக்குமா?

ஒரே பதில் மூணாவது தடவை: இல்லை. வரவு வரவுதான். மேல படிச்சிட்டுக் கேளுங்கப்பா. ஆனா ஆப்ல ஆதார் லாக்னு இன்னொண்ணு இருக்கு, அது நம்பரையே பூட்டும், அதுக்கு முன்னாடி ஆதார் நம்பருக்குப் பதிலா கொடுக்கிற 16 இலக்க வி.ஐ.டி. எடுத்து வச்சிருக்கணும். இரண்டையும் குழப்பிட்டு நாளைக்கு வந்து என்னைத் திட்டாதீங்க.

மூலக்கடை: லோன் ஆப் கான்டாக்ட்ஸ் அனுமதி கேட்குது.

அழிச்சிடுங்க. கான்டாக்ட்ஸ், கால் லாக், போட்டோ எதையும் தொடக் கூடாதுன்னு ரிசர்வ் வங்கி 2022-லேயே சொல்லியாச்சு. கேட்கிறவன் நாளைக்கு உங்க மாமனாருக்கு போன் போடத்தான் கேட்கிறான்.

வியாசர்பாடி: எதிர்வீட்டு சி.சி.டி.வி. எங்க வாசலையே பார்க்குது. சொன்னா சண்டை வருது.

கேமராவைக் கழட்டச் சொன்னா சண்டை வரத்தான் செய்யும். டி.வி.ஆர்.னு கேமரா காட்சியைப் பதிவு பண்ற பெட்டி இருக்கும்ல, அதோட மெனுவுல பிரைவசி மாஸ்க் இருக்கும், உங்க வாசல் அளவுக்கு ஒரு கறுப்புக் கட்டம் வரையச் சொல்லுங்க, தெரு தெரியும், வீட்டுக்குள்ள தெரியாது. மைக் இருந்தா அணைக்கச் சொல்லுங்க. அவருக்கும் ஒரு சேதி சொல்லிடுங்க: மாட்டின ஆளோட போன்லயும் அந்தக் கேமரா இன்னும் ஓடிக்கிட்டு இருக்கலாம். அட்மின் பாஸ்வேர்டை மாத்தி, அந்த ஆள் கணக்குல இருந்து கருவியை நீக்கினாத்தான் நிக்கும். இதைக் கேட்டா அவரே உங்க பக்கம் வந்துடுவார்.

பேர் சொல்லலை: மனைவி வாட்ஸ்அப்பை என் போன்ல பார்க்க ஏதாவது ஆப்…

இல்லை. அடுத்தவங்க.

பேசின் பிரிட்ஜ்: போனை சர்வீஸுக்குக் கொடுக்கும்போது பேட்டர்ன் கேட்கிறாங்க.

சாம்சங்ல மெயின்டனன்ஸ் மோடு, பிக்ஸல்ல ரிப்பேர் மோடு இருக்கும். போட்டுக் கொடுத்தா டச், ஸ்பீக்கர் எல்லாம் சோதிக்கலாம், படமும் மெசேஜும் தெரியாது. அது இல்லாத போன்னா பேக்கப் எடுத்துட்டு ரீசெட் பண்ணிக் கொடுங்க. மெமரி கார்டையும் சிம்மையும் கழட்டி பாக்கெட்ல போட்டுக்குங்க.