கர்நாடக இசைக்கு மட்டும் ஒரு எஃப்.எம்., பாலக்காட்டில் ஓடுமா?

பாலக்காடு மாதிரி ஊரில் கர்நாடக இசை மட்டும் போடும் தனியார் எஃப்.எம். நிலைக்குமா என்பது கேள்வி. கர்நாடக சங்கீத மேதை செம்பை பாகவதரின் ஊர்ப்பக்கம் ஆயிற்றே, கேட்க ஆள் இருக்கும். ஆனால் காசு வருவது கேட்பவரிடமிருந்து அல்ல, விளம்பரத்திலிருந்து. இங்குள்ள கல்பாத்தித் தேர்த் திருவிழா சமயத்தில் ஜவுளிக்கடைக்காரர் பத்து நாள் விளம்பரம் கொடுப்பார். மீதி நாளெல்லாம் அவருக்குச் சினிமாப் பாட்டுக் கூட்டம்தான் வேண்டும். பக்கத்துத் தொழிற்பேட்டையான கஞ்சிக்கோட்டுக்கு ஆள் ஏற்றும் வேனில் டிரைவர் கோவை ஸ்டேஷனைத்தான் வைக்கிறார், கரகரவென்று கேட்டாலும்!

அப்புறம், இருபது நிமிட ராக ஆலாபனையை எந்த இடத்தில் வெட்டி நகைக்கடை விளம்பரத்தை நுழைப்பது? தோடி ராகம் பாதியில் தங்கம் விலை வந்தால் என் அத்தை ரேடியோவையே அணைத்துவிடுவார்.

சந்தா வாங்கி நடத்தலாமே என்றால், வேர்ல்ட்ஸ்பேஸ் என்ற செயற்கைக்கோள் ரேடியோ அதைத்தான் செய்தது. கர்நாடக இசைக்கு 'ஸ்ருதி' என்று தனி அலைவரிசையே வைத்திருந்தது. தனிக் கருவி, தனிக் கட்டணம். 2009 டிசம்பர் 31-உடன் இந்தியாவில் கடையைக் கட்டியது. பெங்களூரில் ஆகாசவாணியின் சாஸ்திரிய இசை எஃப்.எம். அம்ருதவர்ஷினி (100.1) வருஷக்கணக்கில் ஓடியது என்றால், அது அரசுப் பணம்.

முழு நேர ஸ்டேஷனுக்கு நான் பணம் போட மாட்டேன். சினிமாப் பாட்டு ஸ்டேஷனிலேயே காலை 5 முதல் 7 வரை கச்சேரி, சரி, அதற்கு ஒரு காபித்தூள் கடை ஸ்பான்சர் கிடைக்கும்.