மறுமணக் குடும்பத்தில் உயில்: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

கோத்தகிரி பக்கம் மூன்று ஏக்கர் தேயிலையும் ஒரு வீடும் இருக்கின்றன. இரண்டும் என் சுய சம்பாத்தியம். முதல் மனைவி காலமாகிவிட்டார். அவர் வழியில் ஒரு மகனும் ஒரு மகளும், இருவருக்கும் கல்யாணமாகிவிட்டது. இரண்டாவதாக நான் மணந்தவருக்கு, இறந்துபோன அவருடைய முதல் கணவர் மூலம் பதினாறு வயதில் ஒரு மகள். அவளையும் என் மகளாகத்தான் வளர்க்கிறேன். வங்கி டெபாசிட்டுக்கு மனைவி நாமினி. தோட்டத்தை மனைவி ஆயுள் வரை அனுபவித்து, பிறகு என் இரு பிள்ளைகளுக்குச் சேரும்படி உயில் எழுதச் சொல்கிறார்கள். இது போதுமா?

க., கோத்தகிரி

அன்புள்ள க.,

போதாது.

உயில் இல்லாமல் நீங்கள் காலமானால், 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன், மகள் மூவருக்கும் சம பங்கு. உங்கள் தாயார் இருந்தால் அவருக்கும் ஒன்று. மனைவியின் மகளுக்கு உங்கள் சொத்தில் நேரடி உரிமை இல்லை. ரேஷன் கார்டில் அவள் பெயர் இருப்பதால் அது மாறாது. மனைவி உங்களுக்குப் பின் காலமானால் அவர் பங்கு முழுதும் அந்தப் பெண்ணுக்கே போகும். சட்டத்தின் கணக்கில் உங்கள் பிள்ளைகள் அவருக்குப் பிள்ளைகள் அல்ல. அவர் முந்திக்கொண்டாலோ அந்தப் பெண்ணுக்கு ஒரு பைசா வராது. யார் முதலில் போகிறார் என்பதை வைத்து ஒரு பெண்ணின் எதிர்காலம் முடிவாகக் கூடாது.

இந்து தத்தெடுப்புச் சட்டமும் உங்களுக்கு உதவாது. மகள் உள்ளவர் இன்னொரு பெண்ணைத் தத்தெடுக்க முடியாது. பிள்ளைக்குப் பதினைந்து வயது நிறைந்திருக்கவும் கூடாது. இளஞ்சிறார் நீதிச் சட்டத்தில் மனைவியின் பிள்ளையைத் தத்தெடுக்க வழி உண்டு. ஆனால் அவளுக்குப் பதினெட்டு நிறைவதற்குள் முடிக்க வேண்டும்.

நாமினி பணத்தை வாங்கிக்கொள்ளத்தான் உரியவர். பணம் வாரிசுகளுக்கு அல்லது உயிலில் கண்டவருக்குச் சொந்தம். ஆயுள் காப்பீட்டு வழக்கில் 1984லேயே உச்ச நீதிமன்றம் இப்படித்தான் சொன்னது. வங்கி டெபாசிட்டுக்கும் இதுவே நிலை.

எனக்கு உண்மையான கவலை அந்த 'ஆயுள் அனுபவம்' பற்றித்தான். வாரிசுரிமைச் சட்டத்தின் 14ஆவது பிரிவு பெண்ணுக்குக் கிடைக்கும் சொத்தை முழு உரிமையாக்குகிறது. மனைவியின் ஜீவனாம்ச உரிமைக்கு ஈடாகக் கொடுத்த சொத்து, ஆயுள் வரைதான் என்று எழுதியிருந்தாலும் முழு உரிமையாகிவிடும் என்பது 1977 துளசம்மா வழக்கின் தீர்ப்பு. உயிலில் 'ஜீவனாம்சத்துக்காக' என்று வழக்கப்படி ஒரு சொல் சேர்த்தாலே தோட்டம் உங்கள் பிள்ளைகள் கையை விட்டுப் போகக்கூடும். 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இந்தச் சிக்கலைப் பெரிய அமர்வுக்கு அனுப்பியது. இப்படி நிச்சயமில்லாத ஒன்றின்மேல் மூன்று ஏக்கரை வைக்காதீர்கள்.

சட்டத்தை விட்டுவிட்டுத் தோட்டத்தைப் பாருங்கள். தேயிலைக்கு நாலைந்து வருஷத்துக்கு ஒருமுறை கவாத்து, அதாவது செடியைத் தாழ வெட்டிவிடுவது. வெட்டியபின் சில மாதம் கொளுந்து இல்லை, கூலியும் உரமும் மட்டும் உண்டு. தன் காலத்துக்குப் பிறகு வேறு ஒருவருக்குப் போகும் தோட்டத்தில் யார் அந்தச் செலவைச் செய்வார்? கவாத்து தள்ளிப்போகும், செடி உயர்ந்து பறிக்கும் மட்டம் கெடும். இன்னொரு பக்கம், தேயிலைக்கு நிழலுக்காக நடும் சில்வர் ஓக் மரங்கள். கொளுந்து வருமானம் மனைவிக்கு என்று எழுதிவிட்டு மரத்தைப் பற்றி எழுதாமல் விட்டால், அதை வெட்டி விற்கும்போது சண்டை நிச்சயம்.

என் யோசனை: ஒரே சொத்தில் இரு தரப்பையும் கட்டாதீர்கள். வீட்டை மனைவிக்கு முழு உரிமையாகக் கொடுங்கள். கொளுந்துப் பணம் இல்லாமல் அவருக்கு ஓடாது என்றால், அரை ஏக்கரையும் அதே மாதிரி எழுதுங்கள். டெபாசிட்டை அந்தப் பெண்ணின் பெயரைச் சொல்லி எழுதி, பதினெட்டு வயது வரை தாயைக் காப்பாளராகக் குறிப்பிடுங்கள். மிச்சத் தோட்டம் மகனுக்கும் மகளுக்கும். அதை இப்போதே சர்வேயரை வைத்து அளந்து, உட்பிரிவு எண்ணோடும் நான்கெல்லையோடும் எழுதுங்கள். 'சரிபாதி' என்று மட்டும் எழுதினால் சரிவு யாருக்கு, ரோட்டோரம் யாருக்கு என்ற வழக்கு வரும். மனைவி உங்களுக்கு முன் காலமானால் வீடு யாருக்கு என்பதையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை. ஆனாலும் உங்கள் நிலையில் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுவதே நல்லது. சாட்சிகள் இருவர், உங்களைவிட வயதில் இளையவர்கள், பங்கு பெறாதவர்கள். ஒருவர் உங்களைப் பார்க்கும் மருத்துவராக இருந்தால் இன்னும் நல்லது. உங்கள் காலத்துக்குப் பிறகு அவர்களில் ஒருவராவது நீதிமன்றத்தில் சொல்ல வேண்டியிருக்கும். எழுதும் நாளில் மனைவியோ பிள்ளைகளோ கூட வர வேண்டாம். லாபம் அடைபவர் முன்னின்று எழுத வைத்த உயிலை நீதிமன்றம் சந்தேகத்தோடுதான் பார்க்கும். யாருக்கு ஏன் குறைவு என்பதற்கும் ஒரு வாக்கியம் காரணம் எழுதுங்கள்.

கடிதம் படிக்கும் கிறிஸ்தவர்களுக்கு: உங்களுக்கு 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம். உயில் இல்லாவிட்டால் மனைவிக்கு மூன்றில் ஒன்று, மீதி உங்கள் பிள்ளைகளுக்கு. மறுமணம் செய்ததும் பழைய உயில் செல்லாமல் போகும், புதிதாக எழுதியாக வேண்டும்.

உயிலுக்குப் பதில், உயிரோடு இருக்கும்போதே சொத்தை எழுதிக் கொடுக்கும் செட்டில்மெண்ட் பத்திரம் பதிந்துவிட்டால் பொதுவாகத் திரும்பப் பெற முடியாது. உயிலை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம்; மாற்றும்போது பழைய உயிலின் பதிவு எண்ணையும் தேதியையும் சொல்லி ரத்து செய்து எழுதுங்கள்.