பெட்டியில் பெயரில்லாத ரோபோ: வைத்திருக்கலாமா, விற்கலாமா?

கேள்வி: அண்ணா, திருகோணமலை உவர்மலையிலிருந்து எழுதுகிறேன். நாங்கள் பதினைந்து இருபது பேர் டிரான்ஸ்ஃபோர்மர்ஸ் பொம்மைகள் (லொறி, காராக உருமாறும் ரோபோக்கள்) சேர்க்கிறோம். அதற்கென்று ஒரு முகநூல் குழுவும் உண்டு, நான்தான் அட்மின். ஒரிஜினல் விலை கைக்கு எட்டாததால் சீனாவிலிருந்து ‘தேர்ட் பார்ட்டி’ பொம்மைகளை, அதாவது ஒரிஜினல் கம்பனி அல்லாத வேறு ஆட்கள் செய்பவற்றை, எடுப்பிக்கிறோம். மேலதிகமாக வந்ததைக் குழுவிலேயே விற்றுவிடுவோம். போன வாரம் பதிப்புரிமை முறைப்பாடு என்று எங்களுடைய இரண்டு விற்பனைப் பதிவுகள் நீக்கப்பட்டன. இவற்றை வீட்டில் வைத்திருப்பதும் குற்றமா? பொதி சுங்கத்தில் மாட்டுமா? பதிவை நீக்கியதற்கு முகநூலுக்கு மறுப்பு அனுப்பலாமா?

பதில்: தம்பி, அலுமாரியில் உள்ளதையெல்லாம் அள்ளிக்கொண்டு போய் இராவணன் வெட்டில் கொட்ட வேண்டியதில்லை. இலங்கையில் இந்த விடயத்தை ஆள்வது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். சொந்தப் பாவனைக்காக ஒரு தனி ஆள் ஒரு பிரதியை இறக்குமதி செய்வதை அது அனுமதிக்கிறது.

சிக்கல் வியாபாரத்தில்தான். உரிமை மீறிச் செய்த பிரதி என்று தெரிந்துகொண்டோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ அதை விற்பது குற்றம். விற்பதற்காகக் கையில் வைத்திருப்பதும் குற்றம். நீதவான் நீதிமன்றம் 5 இலட்சம் ரூபா வரை தண்டமோ, 6 மாதம் வரை மறியலோ, இரண்டுமோ விதிக்கலாம். இரண்டாம் முறை பிடிபட்டால் அது இரட்டிப்பாகும். ‘மேலதிகமாக வந்தது’ என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரே பொம்மை ஆறு வந்திருந்தால் அதற்குப் பெயர் மேலதிகம் அல்ல, சரக்கு. சுங்கத்தில் பொதியை உடைப்பவருக்கும் அது சரக்காகத்தான் தெரியும்.

‘தேர்ட் பார்ட்டி’ என்ற சொல்லும் ஆளை ஏமாற்றும். சேகரிப்பவர்கள் அந்த ஒரு சொல்லுக்குள் மூன்று சாமானைப் போட்டுக் குழப்புகிறார்கள். ஒன்று, ஒரிஜினலிலிருந்து அச்செடுத்து, பெட்டியும் லோகோவும் சகிதம் இறக்கும் ‘கே.ஓ.’ (நொக் ஓஃப்). இது போலி என்பதில் வாதமே இல்லை. போலி வியாபாரக் குறியும் (ட்ரேட் மார்க்) சேர்ந்துவிடுவதால், சொந்தப் பாவனை என்ற சலுகை அங்கே உங்களுக்கு முழுக் கவசமாகாது. இன்னொன்று, ஒரிஜினலுக்குப் பொருத்துகிற கை, துப்பாக்கி, ஸ்டிக்கர் வகைகள். லோகோவும் பாத்திரத்தின் முகமும் இல்லாவிட்டால் இவற்றில் ஆபத்துக் குறைவு.

நடுவில் நிற்பதுதான் உங்கள் வகை. ஒரு கம்பனி தானே புதிதாக வடிவமைத்த ரோபோ. டிரான்ஸ்ஃபோர்மர்ஸ் கதையின் நாயக ரோபோவான ஆப்டிமஸ் பிரைமின் முகம், சிவப்பும் நீலமும், லொறி எல்லாம் இருக்கும்; பெயர் மட்டும் இருக்காது. ‘பெயரும் இல்லை, லோகோவும் இல்லை, பிறகென்ன?’ என்று உங்கள் குழுவில் யாராவது கட்டாயம் கேட்டிருப்பார். பெயரை எடுத்தால் வியாபாரக் குறிப் பிரச்சினை குறையும், அவ்வளவுதான். பாத்திரத்தின் மேலுள்ள பதிப்புரிமை பெயரோடு போய்விடாது. 2015இல் அமெரிக்காவின் ஒன்பதாவது வட்டார மேன்முறையீட்டு நீதிமன்றம் பேட்மேனின் காரையே ஒரு பாத்திரமாக எடுத்துக்கொண்டு, அதன் நகல்களைச் செய்து விற்றவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. கார் படத்துக்குப் படம் உருவம் மாறினாலும் ஆள் அதேதான் என்பது அங்கே எடுபட்டது.

எதிர்ப்பக்கமும் ஒரு வழக்கு உண்டு. ஸ்டார் வோர்ஸ் சிப்பாயின் வெள்ளைத் தலைக்கவசம் சிற்பம் அல்ல, படத்துக்காகச் செய்த பாவனைப் பொருள் என்று 2011இல் பிரித்தானிய உச்ச நீதிமன்றம் சொன்னது. அதனால் அங்கே அதைச் செய்து விற்றவர் தப்பினார். இரண்டு தீர்ப்புமே எங்கள் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. என்னைக் கேட்டால், முகமும் குணமும் உள்ள ரோபோ தலைக்கவசத்தைவிட அந்தக் காருக்குத்தான் கிட்ட.

கெட்டிக்காரர் ஒருவர் இன்னொரு வாதமும் கொண்டுவருவார். எங்கள் சட்டத்தில் பிரயோகக் கலைப் படைப்புக்கு, அதாவது பாவனைப் பொருளில் அமைந்த கலை வேலைக்கு, பாதுகாப்பு, செய்த நாளிலிருந்து 25 ஆண்டுதான். டிரான்ஸ்ஃபோர்மர்ஸ் பொம்மை கடைக்கு வந்தது 1984இல், ஆகவே காலம் முடிந்துவிட்டது என்பார். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அதே பாத்திரம் சித்திரக்கதையிலும் கார்ட்டூனிலும் இருக்கிறது. அவற்றுக்கு ஆயுள் இதைவிட எவ்வளவோ நீளம். இந்த வாதத்தை மட்டும் நம்பி மத்திய வீதியில் நான் கடை போட மாட்டேன்.

இனி முகநூலுக்கு வருவோம். நடைமுறையில் உங்களுக்கு அடி விழக்கூடிய இடம் அதுதான். இருபது பேர் கொண்ட குழுவுக்காக ஒரு வெளிநாட்டுக் கம்பனி கொழும்பு வணிக மேல் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு, உங்களை இரவு ரயிலில் அலைய விடுவது அரிது. முறைப்பாடு அனுப்ப ஒரு படிவம் போதும். 1998இல் வந்த அமெரிக்கச் சட்டமொன்றின்படி, முறைப்பாடு கிடைத்ததும் பதிவை நீக்கினால்தான் தளத்துக்குச் சட்டப் பாதுகாப்பு. திரும்பத் திரும்ப மீறுபவர்களின் கணக்கை மூடவும் அதே சட்டம் கேட்கிறது. அடிக்கடி முறைப்பாடு வந்தால் குழுவே ஒருநாள் காணாமல் போகலாம்.

மறுப்பு அனுப்ப வழி இருக்கிறது. அனுப்பினால், முறைப்பாட்டாளர் வழக்குத் தொடராத பட்சத்தில் 10 முதல் 14 வேலை நாட்களுக்குள் பதிவு திரும்பி வர வேண்டும். ஆனால் கையொப்பமிட முதல் படிவத்தை ஒழுங்காக வாசியுங்கள். நீக்கியது தவறு என்று, பொய்ச்சத்தியத்துக்கான தண்டனைக்கு உட்பட்டு உறுதி கூறுகிறீர்கள். அமெரிக்க நீதிமன்றத்தின் நியாயாதிக்கத்தையும் ஏற்கிறீர்கள். ஒரு பொம்மைப் படத்துக்காக இதற்குள் தலையைக் கொடுப்பது வீண். உங்கள் அலுமாரியை நீங்களே எடுத்த படம், விலை எதுவும் போடவில்லை என்றால் மட்டும் யோசிக்கலாம். விற்பனைக்காரரின் படத்தை எடுத்துப் போட்டிருந்தால் விட்டுவிடுங்கள்.

குழுவில் இன்றைக்கே விற்பனைப் பதிவுகளை நிறுத்துங்கள். பெட்டி ஓவியம், ஸ்கேன் செய்த கையேடு, முப்பரிமாண அச்சுக் கோப்பு எதையும் பகிர விடாதீர்கள். உங்கள் பாவனைக்கு ஒன்றை அச்சிடுவது வேறு, அதே கோப்பை இருபது பேருக்குக் கொடுப்பது வேறு. அட்மின் என்பதற்காக மற்றவர் விற்பது தானாகவே உங்கள் தலையில் ஏறாது. தெரிந்தும் பேசாமலிருந்தால், அல்லது தரகு எடுத்தால் கதை மாறும்.

வந்த இரண்டு அறிவித்தல்களையும் ஸ்கிரீன்ஷொட் எடுத்து எனக்கு அனுப்பிவையுங்கள். பதிப்புரிமையா, வியாபாரக் குறியா என்று அதில் போட்டிருக்கும். வியாபாரக் குறி என்றிருந்தால் நான் மேலே சொன்ன மறுப்பு அதற்குப் பொருந்தாது.