ஜெர்மனியில் தீபாவளி: அந்தப் பட்டாசுப் பெட்டியை வாங்கலாமா?

கேள்வி: ஸ்டுட்கார்ட் பக்கத்தில் அடுக்குமாடி வீடு ஒன்றில் வாடகைக்கு இருக்கிறேன். இந்தத் தீபாவளிக்கு நண்பர்கள் பத்துப் பதினைந்து பேர் குழந்தைகளோடு வருகிறார்கள். வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் போலந்திலிருந்து பட்டாசு எடுத்துத் தருகிறார். சி.இ. முத்திரை இருப்பதால் பிரச்சினை இல்லை என்கிறார். கூடுதலாக 60 யூரோ கொடுத்தால் நகராட்சி அனுமதியும் வாங்கித் தருவாராம். முன்பணம் கொடுத்துவிட்டேன். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் முற்றத்தில் வெடிக்கலாமா?

பதில்: வெடிக்க வேண்டாம். மீதிப் பணத்தைக் கொடுக்க வேண்டாம், பெட்டியையும் கையில் வாங்க வேண்டாம்.

ஐரோப்பாவில் பட்டாசை ஆபத்தின் அளவை வைத்து எஃப்1 முதல் எஃப்4 வரை பிரித்திருக்கிறார்கள். எஃப்1 என்பது கம்பி மத்தாப்பு போன்ற சின்னச் சாமான்கள். ஜெர்மனியில் 12 வயது ஆனவர்கள் வருடம் முழுக்கக் கொளுத்தலாம். எஃப்2 என்பது ராக்கெட், வெடி, பெரிய புஸ்வாணம். இதைப் பொதுமக்களுக்கு விற்பதே வழக்கமாக டிசம்பர் 29 முதல் 31 வரைதான். டிசம்பர் 31, ஜனவரி 1 ஆகிய இரண்டு நாள் மட்டும் 18 வயது ஆனவர்கள் வெடிக்கலாம். எஃப்3, எஃப்4 இரண்டையும் உரிமம் இல்லாதவர் தொடக்கூடாது.

இப்போது அந்த சி.இ. கதைக்கு வருகிறேன். ஒவ்வோர் அக்டோபரிலும் நம் பிள்ளைகள் மாட்டிக்கொள்வது இங்கேதான். பொருள் ஐரோப்பியப் பாதுகாப்பு விதிப்படி சோதிக்கப்பட்டது என்பதற்கு மட்டும்தான் சி.இ. முத்திரை. அதை நீங்கள் நவம்பரில் முற்றத்தில் வெடிக்கலாம் என்று அது சொல்லவில்லை. போலந்தில் எஃப்3 பட்டாசைப் பெரியவர்கள் யாரும் கடையில் வாங்கலாம், அதிலும் சி.இ. இருக்கும். அதே பெட்டி எல்லை தாண்டி ஜெர்மனிக்குள் வந்ததும், உரிமம் இல்லாத உங்கள் கையில் சட்டவிரோதப் பொருள் ஆகிவிடும். சி.இ.யே இல்லாத சரக்கென்றால் இன்னும் மோசம். இரண்டிலுமே அபராதத்தோடு போகாமல் குற்ற வழக்காகலாம், மூன்று வருடம் வரை சிறைக்கும் சட்டத்தில் இடமுண்டு. நாளைக்கு நிரந்தர வதிவிடத்துக்கோ குடியுரிமைக்கோ விண்ணப்பிக்கும்போது பழைய வழக்கு கோப்பில் வந்து நிற்கும். விற்றவர் அன்றைக்குக் குழுவிலேயே இருக்கமாட்டார்.

யாராவது பெட்டியின் படம் அனுப்பினால் முன்பக்கத்துப் படத்தைப் பார்க்காதீர்கள். பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் மூன்று துண்டாக ஒரு எண் இருக்கும். முதல் நான்கு இலக்கம் சோதித்த நிறுவனத்தைக் குறிக்கும். 0589 என்றிருந்தால் பெர்லினில் இருக்கும் பி.ஏ.எம். என்ற அரசு ஆய்வு நிறுவனம். நடுவில் எஃப்1, எஃப்2 என்று வகை இருக்கும். உங்களுக்கு வேண்டியது அந்த நடுத்துண்டு. அது எஃப்1 இல்லையென்றால் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள். பின்பக்கப் படம் கேட்டதும் பதில் வராமல் போனால் அதுவே பதில்.

“சிவகாசி அசல், ஊரிலிருந்து வரும் ஆள் பெட்டியில் கொண்டுவருகிறார்” என்றும் சிலர் விற்கிறார்கள். விமானத்தில் பட்டாசு கைப்பையிலும் கூடாது, சரக்குப் பெட்டியிலும் கூடாது. கம்பி மத்தாப்பும் இதில் சேர்த்திதான். ஊரிலிருந்து வரும் அத்தை மாமாவிடம் தயவுசெய்து இதைக் கேட்டுவிடாதீர்கள்.

அனுமதி விஷயம் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியது. டிசம்பர் 31, ஜனவரி 1 அல்லாத நாளில் எஃப்2 வெடிக்கத் தனி அனுமதி உண்டு என்பது உண்மை. நகராட்சியின் ஆர்ட்னுங்ஸ்அம்ட் என்ற ஒழுங்கு அலுவலகம் தக்க காரணம் இருந்தால் விதிவிலக்கு கொடுக்கலாம். பொன்விழாத் திருமணநாளுக்கெல்லாம் கொடுக்கிறார்கள், தீபாவளியையும் காரணமாகக் காட்டலாம். ஆனால் அது அதிகாரியின் முடிவு, உங்கள் உரிமை இல்லை. இடம், நேரம், என்ன பட்டாசு என்று எழுதிக் கேட்பார்கள். முற்றம் வீட்டுக்காரருடையது என்பதால் அவர் சம்மதமும் எழுத்தில் வேண்டும். பக்கத்தில் மருத்துவமனை, முதியோர் இல்லம், தேவாலயம் இருந்தால் எளிதில் கிடைக்காது. கிடைத்தால் அந்தக் கடிதத்தைக் காட்டி உரிமம் பெற்ற கடையில் எஃப்2 வாங்கலாம். இன்னொரு வழி, உரிமம் பெற்ற வாணவேடிக்கைக்காரரை அமர்த்துவது. அவர் குறைந்தது இரண்டு வாரம் முன்னால் அலுவலகத்துக்குத் தெரிவித்துவிட்டு அவரே வெடிப்பார்.

இந்த அனுமதி குறிப்பிட்ட ஆளுக்கு, குறிப்பிட்ட இடத்துக்கு, குறிப்பிட்ட மணிக்கு. உங்கள் பெயரும் முகவரியும் இல்லாத கடிதம் உங்களுக்கு வெறும் காகிதம். உங்கள் கையெழுத்தையோ வீட்டுக்காரர் சம்மதத்தையோ கேட்காமல் ஒருவர் 60 யூரோவுக்கு அனுமதி வாங்கித் தருகிறேன் என்றால், அவர் எந்த அலுவலகத்துக்கும் போகப்போவதில்லை. ‘வாணவேடிக்கையோடு தீபாவளி இரவு’ என்று நுழைவுச்சீட்டு விற்கும் ஏற்பாட்டாளர்களிடமும் பணம் கட்டும் முன் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

இந்த நடைமுறை மேல் எனக்குக் கோபம் உண்டு. புத்தாண்டு இரவில் பெரும்பாலான இடங்களில் விடிய விடிய வெடிக்கலாம். எத்தனையோ பேர் குழந்தைகளோடு கொண்டாடும் ஒரு மாலைக்கு மட்டும் வாரக்கணக்கில் காகிதம் சுமக்க வேண்டும். ஊருக்கு ஊர் கட்டணம் வேறு, படிவம் வேறு, பெரும்பாலும் ஜெர்மன் மொழியில்தான். அலுவலகம் தெளிவாக ஒரு பக்கம் எழுதிப் போட்டிருந்தால் இந்த வாட்ஸ்அப் வியாபாரிகளுக்கு வேலையே இருக்காது.

சரி, குழந்தைகளுக்கு என்ன செய்வது? எஃப்1 போதும். கம்பி மத்தாப்பு, சின்னப் புஸ்வாணம், சில தரைச்சக்கரங்கள், தரையில் எறிந்தால் பட்டென்று வெடிக்கும் சின்னப் பொட்டலங்கள் எல்லாம் இந்த வகையில் உண்டு. பட்டாசு விற்கும் ஜெர்மன் இணையக் கடைகளில் வருடம் முழுக்கக் கிடைக்கும், இரண்டு வாரம் முன்னாலேயே வாங்கி வையுங்கள். 12 வயதுக்குக் கீழே இருப்பவர்களைத் தள்ளி நின்று பார்க்க வையுங்கள். மத்தாப்புக் கம்பி அணைந்த பிறகும் நெடுநேரம் சுடும். ஒரு வாளி மணல் வைத்து எரிந்த கம்பியை அதில் குத்தச் சொல்லுங்கள். முற்றத்தில் கொளுத்துவதற்கு முன் வீட்டு விதிகளைப் படித்து, வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

2026 தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு இங்கே நாள் முழுக்க அமைதி நாள். ஐந்து மணிக்கே இருட்டத் தொடங்கிவிடும் என்பதால் ஆறு மணிக்குள் மத்தாப்பை முடித்துவிடலாம். மாடிப்படியில் அகல் விளக்கு வைக்காதீர்கள், தீ விபத்தில் எல்லோரும் இறங்கி ஓட வேண்டிய வழி அது. விளக்கும் கோலமும் உங்கள் கதவுக்கு உள்ளே இருக்கட்டும். முறுக்கு சுடும்போது புகை எச்சரிக்கைக் கருவி அலறும் என்று அதைக் கழற்றி வைப்பவர்கள் உண்டு. அதைச் செய்யாமல் சமையலறைக் கதவைச் சாத்தி ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

முன்பணத்துக்கு, வியாபாரத்தை ரத்து செய்கிறேன், பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று எழுத்தில் கேளுங்கள். அனுப்பியது இரண்டொரு நாளுக்குள் என்றால் வங்கியையும் கேட்டுப் பாருங்கள். பெட்டி ஏற்கெனவே வீட்டுக்கு வந்திருந்தால் வெடித்துத் தீர்க்கவோ குப்பையில் போடவோ தபாலில் திருப்பி அனுப்பவோ கூடாது. நீங்களே காவல் நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டும் போகாதீர்கள். அவசர எண்ணை விட்டுவிட்டு, உள்ளூர் நிலையத்தின் எண்ணில் கூப்பிட்டு எப்படி ஒப்படைப்பது என்று கேளுங்கள்.