வாசகர் கேள்விகள்: கடலோரச் சதுப்பில் பறவை பார்த்தல்

கேள்வி: பறவை பார்க்க விடியற்காலையே சிறந்தது என்று படித்துவிட்டு, கடலோரச் சதுப்புநிலக் காப்பகம் ஒன்றுக்கு இரண்டு முறை இருள் பிரியும் முன்பே சென்றேன். வலசைக் காலமாக இருந்தும் இரண்டு முறையும் பறவைகள் சேற்றின் மறுகோடியில் புள்ளிகளாகவே தெரிந்தன. நான் செய்த தவறு என்ன?

பதில்: காட்டுப் பறவைகளுக்குரிய நேரத்தைக் கரைப்பறவைகளுக்கும் பொருத்திப் பார்த்ததுதான் தவறு. ஓதம், அதாவது நாள்தோறும் ஏறி இறங்கும் கடல்நீர், வடிந்து வெளிப்படும் ஈரச்சேற்றில் புழுக்களும் சிறு சிப்பிகளும் நண்டுகளும் அலகுக்கு எட்டும் ஆழத்தில் இருப்பதால், நீர் விலக விலக உள்ளான், மூக்கன் போன்ற கரைப்பறவைகள் அதன் பின்னாலேயே போய்விடுகின்றன. இரவிலும் அவை இப்படி மேய்வதுண்டு. நீங்கள் சென்ற இரு நாட்களிலும் அதிகாலையில் நீர் வற்றியிருந்திருக்க வேண்டும். நீர் ஏறத் தொடங்கினால் அதுவே பறவைகளைக் கரைப்பக்கம் ஒதுக்கிக்கொண்டு வரும். ஆகவே அவ்விடத்து ஓத அட்டவணையைப் பார்த்து, நீர் முழுமையாக ஏறுவதற்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம் முன்னதாகவே சென்று, சூரியன் முதுகுப்பக்கம் இருக்குமாறு ஓரிடத்தில் அமர்ந்துவிடுங்கள். நீங்கள் நடக்க வேண்டியதில்லை, அவை வரும்.

பெரும்பாலான கடற்கரைகளில் ஓதம் நாளுக்கு இரு முறை ஏறி வடிகிறது என்றாலும், அந்த நேரம் நாள்தோறும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகிறது. இன்று காலை 7 மணிக்கு உச்சத்தைத் தொட்ட நீர், ஒரு வாரம் கழித்துப் பகல் 1 மணியளவில்தான் உச்சத்தைத் தொடும். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாட்களில் நீர் மிக உயரமாக ஏறிச் சேற்றுவெளி முழுவதையும் மூடிவிடுவதால், மேய இடமற்ற பறவைகள் மணல்திட்டுகளிலும் உப்பளங்களிலும் கூட்டமாக ஒதுங்கி ஓய்வெடுக்கும். எண்ணிக்கை எடுப்பவர்கள் விரும்பிக் காத்திருக்கும் நாட்கள் இவையே. அரைநிலா நாட்களில் சேறு ஓரளவு மூடப்படாமலே கிடக்கும் என்பதால், உச்ச ஓதத்திலும் பறவைகள் தொலைவிலேயே தங்கிவிடலாம். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: பறவைகளைத் தேடிச் சேற்றுக்குள் இறங்காதீர்கள். ஏறும் நீர் முதலில் ஓடைகளைத்தான் நிரப்பும். அந்த ஓடைகள் உங்களுக்குப் பின்னால் இருந்தால் திரும்ப வழியிராது.

கேள்வி: எல்லா உள்ளான்களும் சாம்பல் நிறமாகவே தெரிகின்றன. எப்படி வேறுபடுத்துவது?

பதில்: நிறத்தைக் கடைசியாகப் பாருங்கள். இனப்பெருக்கக் காலத்துச் செம்பழுப்பு இறகுகள் உதிர்ந்தபின் பல இனங்கள் ஒரே சாம்பல் நிறத்துக்கு வந்துவிடுவதால், மேயும் விதமே முதல் அடையாளம். உப்புக்கொத்தி சில அடி ஓடும், நிற்கும், பார்க்கும், கொத்தும். பெரிய கண்களும் குட்டை அலகும் கொண்ட அது கண்ணால் இரை தேடுகிறது. மூக்கனோ நீண்ட அலகைச் சேற்றில் இறக்கி, அலகு நுனியிலுள்ள உணர்வால் துழாவி எடுக்கிறது. கொசு உள்ளான் தலை நிமிராமல் தையல் இயந்திரத்தின் ஊசியைப் போல விரைந்து கொத்திக்கொண்டே போகும். கல்திருப்பி உள்ளானுக்குப் பெயரே போதும். இதற்குப் பிறகு அலகின் நீளத்தையும் வளைவையும், காலின் நிறத்தையும், பறக்கும்போது தெரியும் இறக்கைக் கோட்டையும் பாருங்கள். சிறிய உள்ளான்களில் சிலவற்றை அனுபவசாலிகளே பெயரிடாமல் விடுவார்கள். குறிப்பேட்டில் 'இனம் தெரியாத உள்ளான்' என்று எழுதுவது ஊகித்து எழுதுவதைவிட மேல்.

கேள்வி: படம் எடுக்க நெருங்கினால் கூட்டம் எழுந்து, ஒரு சுற்றுச் சுற்றி, மீண்டும் அங்கேயே அமர்கிறது. இதனால் அவற்றுக்கு என்ன கெடுதல்?

பதில்: ஒரு சுற்று சிறிதுதான்; ஆனால் அன்று நெருங்கிய முதல் ஆள் நீங்கள் என்பதற்கு உறுதியில்லை. வலசைக்கு முன்பு இப்பறவைகள் உண்டு சேர்க்கும் கொழுப்புத்தான் அவற்றின் வழிச்செலவு. 2022ஆம் ஆண்டு அக்டோபரில், பிறந்து ஐந்து மாதமே ஆன பட்டைவால் மூக்கன் ஒன்று அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியா வரை சுமார் 13,560 கிலோமீட்டரை 11 நாட்களில் எங்கும் இறங்காமல் கடந்ததைச் செயற்கைக்கோள் கருவி பதிவு செய்தது. இத்தகைய பயணத்துக்குப் புறப்படும் மூக்கனின் எடையில் பாதிக்கு மேல் கொழுப்பாக இருக்கக்கூடும். வழியில் பயன்படாத இரைப்பையும் குடலும் முன்கூட்டியே சுருங்கிவிடுகின்றன. இப்படிக் கணக்காகச் சேர்ப்பதை வீணாக்கும் ஒவ்வொரு எழுச்சியும் செலவுதான். ஓய்வெடுக்கும் கூட்டத்தில் தலைகள் நிமிர்ந்து, பறவைகள் மேய்ச்சலையும் உறக்கத்தையும் நிறுத்தினால் அதுவே எச்சரிக்கை. அங்கேயே நின்று, மெல்லப் பின்வாங்குங்கள். அவை பறந்தபின் வருந்துவதில் பயனில்லை.

கேள்வி: பைனாகுலர் போதுமா, தொலைநோக்கி வேண்டுமா?

பதில்: 8x42 பைனாகுலரில் தொடங்குங்கள். எட்டு மடங்கு பெருக்கமும் 42 மில்லிமீட்டர் முகப்பு வில்லையும் மங்கிய ஒளிக்கும் ஏற்றவை. சேற்றுவெளியில் முக்காலியில் பொருத்திய தொலைநோக்கி பெரும் உதவிதான்; ஆனால் வெயில் ஏறியபின் கானல் அலையும்போது 60 மடங்கு பெருக்கமும் கலங்கிய படத்தையே காட்டும். ஓத நேரத்தைத் தெரிந்துகொண்டால் பாதித் தொலைநோக்கி கையில் இருப்பதாகவே நான் கருதுகிறேன்.

கேள்வி: ஒரு பறவையின் காலில் வண்ணத் துண்டு ஒன்றைக் கண்டேன். அது என்ன?

பதில்: ஆய்வாளர்கள் பொருத்திய கால்கொடி. கிழக்கு ஆசிய–ஆஸ்திரலேசிய வலசைப் பாதையில் கொடியின் நிறமே பறவை பிடிக்கப்பட்ட இடத்தைச் சொல்லும்: தனி ஆரஞ்சு என்றால் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா; மேலே கறுப்பும் கீழே வெள்ளையும் என்றால் ஷாங்காயை அடுத்த சோங்மிங் தீவு. எந்தக் கால், முழங்காலுக்கு மேலா கீழா, எந்த நிறம் மேலே, எழுத்துகள் ஏதேனும் உண்டா என்பதையெல்லாம் நாள், இடத்துடன் குறித்துக் காப்பக அலுவலகத்திலோ பறவை வளையமிடும் அமைப்பிடமோ தெரிவியுங்கள். 2007இல் அலாஸ்காவிலிருந்து நியூசிலாந்துக்கு 11,000 கிலோமீட்டருக்கு மேல் ஒரே மூச்சில் பறந்து புகழ்பெற்ற பெண் மூக்கனை உலகம் 'ஈ7' என்றே அறியும். அது அதன் கால்கொடியில் இருந்த எழுத்தும் எண்ணும்தான்.